கடற்கரையில் பச்சை ஸ்வெட்டர்

ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹுசைன் எதையும் ஒரே பார்வையில் நம்பியவர் இல்லை. துணியென்றால் விரித்துப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், ஓரத்து நூலை இழுத்துப் பார்ப்பார், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மனிதரென்றாலும் அப்படித்தான், வாசலுக்குக் கொண்டுபோவது மட்டும் கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டில் கமறியா நீட்டிய தேநீரை வாயில் வைக்குமுன், "இது யாரு ஊத்தினது?" என்று கேட்டவர் அவர். கல்யாணம் முடிந்து பதினேழு வருஷமாகியும் கமறியா அதை மறக்கவில்லை.

டவுனே அண்ணன் முறை வைத்து "நானா" என்று கூப்பிடும் அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர் உண்டு. தோட்டத்துப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் சுதாகரன் சேர். இருபது வருஷமாக மாலையில் கடைக்கு வந்து, துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்துவிட்டுப் போகிறவர். சுதாகரனுக்குக் காலில் சக்கரம். லீவு விட்டால் வீட்டில் தங்கமாட்டார். பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு அனுராதபுரம், பொலன்னறுவை, மட்டக்களப்பு என்று கல்விச் சுற்றுலா கிளம்பிவிடுவார். போன இடத்துப் படங்களையெல்லாம் வட்ஸ்அப் குழுவில் போடுவார். அந்தக் குழுவில் ராகலையிலிருக்கும் அவருடைய மாமனார் வீட்டுச் சனம், வட்டகொடை மச்சான், கூடப் படித்தவர்கள், கூடப் படிப்பிக்கிறவர்கள், ஹுசைன் என்று நாற்பத்தெட்டுப் பேர். படம் வந்து பத்து நொடிக்குள் நாற்பத்தேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஹுசைன் மட்டும் காட்டமாட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, கடையில் ஆளில்லாத மத்தியான நேரத்தில் அந்தப் படம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுதாகரன் திருகோணமலைக்குப் போயிருந்தார். பின்னால் தண்ணீர், முன்னால் மணல், நடுவில் வரிசையாகப் பிள்ளைகள், ஓரத்தில் கையைக் கட்டியபடி சேர். கீழே அவருடைய வழக்கமான மொழி: "நிலாவெளிக் கடற்கரையில் எமது மாணவச் செல்வங்கள். கடலையே காணாத கண்கள் கடலைக் கண்ட கணம்!"

ஹுசைன் பெரிதாக்கினார். தண்ணீரில் அலை இல்லை. வானமும் தண்ணீரும் சேருமிடம் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது, பனி மூடினமாதிரி. பிறகு பிள்ளைகளிடம் வந்தார். அங்கேதான் அவருடைய விரல் நின்றது.

பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

சும்மா ஸ்வெட்டரும் இல்லை. போத்தல் பச்சை. நெஞ்சில் இரண்டு வெள்ளைக் கோடு. கீழ்க்கோடு இடது பக்கம் கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை உலகத்தில் ஹுசைனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஃபெக்டரி கழித்துப்போட்ட அந்த மூட்டையைக் கொழும்பில் பேரம் பேசித் தூக்கியவரே அவர்தான். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் கடை போட்டு விற்கலாமென்று கொண்டுபோனார். அந்த சீசனில் குளிர் ஏமாற்றிவிட்டது. பாதி மூட்டை திரும்பி வந்தது. அதை எப்படியோ மே மாதத்து வெசாக் பண்டிகை கழிந்த மூன்று வாரத்துக்குள் ஹட்டன் கடையிலேயே தள்ளிவிட்டார். எப்படித் தள்ளினார், யாரிடம் என்ன சொல்லித் தள்ளினார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. கையைவிட்டுப் போன சரக்கின் கதையை எந்த வியாபாரி மனசில் வைத்திருப்பான்?

"கமறியா, இங்க வா. கடக்கரையில எவனாவது ஸ்வெட்டர் போடுவானா?"

கமறியா எட்டிப் பார்த்தாள். "குளிருதாயிருக்கும்."

"திருகோணமலையிலயா? ஜூன் மாசத்துலயா? அங்க புடிச்ச மீன் கரைக்கு வாறதுக்குள்ள கருவாடாகிரும்."

"அப்ப இது எங்க?"

ஹுசைன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். "காசல்ரீ. தண்ணி எறங்கினா கரையெல்லாம் மணல் மாதிரித்தான் இருக்கும். அலையில்ல. பனி. ஸ்வெட்டர். எல்லாம் பொருந்துது."

காசல்ரீ நீர்த்தேக்கம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கமறியா யோசித்தாள். "அப்ப அத்தனை புள்ளைங்களையும் மூணு நாளைக்கு எங்க வச்சிருப்பாரு?"

"அதுதான் எனக்கும் வெளங்கல்ல. வெளங்காத எடத்துலதான் விஷயம் இருக்கு."

திங்கட்கிழமை மாலை சுதாகரன் வந்தார், முகம் கறுத்து, கையில் ஒரு பொதியோடு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாமான் ஒன்று சிநேகிதருக்கு வரும். அது அவருடைய வழக்கம். "நானா, திருகோணமலைக் கருவாடு" என்று மேசையில் வைத்துவிட்டு, களைப்பென்று சொல்லி உடனே போய்விட்டார்.

பொதியை அவிழ்க்கப் போன ஹுசைன் முடிச்சைப் பார்த்தார். இரண்டு பேப்பர் சுற்றி, மஞ்சள் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே இரட்டை முடிச்சுப் போட்டு, மூன்றாவதாக ஒரு சுருக்கு. அப்படி மூன்றாவது சுருக்குப் போடுகிற ஆள் அந்த டவுனில் ஒருவன்தான். மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ரிஃகான், ஹுசைனின் தங்கச்சி மாப்பிள்ளை.

போன் போட்டார். "மச்சான், சுதா சேர் ஒன்ட கடைக்கு வந்தாரா?"

"காலையிலேயே வந்தாரே. பாரைக் கருவாடு. நல்லா இறுக்கிக் கட்டுன்னாரு. யாருக்கிட்டயும் சொல்லாதன்னும் சொன்னாரு."

"என்கிட்ட சொல்லிட்டியே?"

"நீங்க கேட்டீங்களே மச்சான்."

ஹுசைன் போனை வைத்தார். முகம் கறுத்தது வெயிலாலா, காசல்ரீ பனிக்காற்றாலா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பனிக்காற்றிலும் கறுக்கும் என்று முடிவுகட்டினார்.

இதெல்லாம் இரண்டு சிநேகிதருக்குள் கிடக்கிற வரை பெரிய காரியமில்லை. அடுத்த நாள் அது வீட்டுக்குள் வந்தது. ஷஸ்னா, அவருடைய ஒரே மகள், அதே பாடசாலையில் பத்தாம் வகுப்பு. சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியை வைத்தாள்.

"வாப்பா, கையெழுத்து."

"எங்க போறதுக்கு?"

"யாழ்ப்பாணம். அடுத்த மாசம் எங்கட வகுப்பு. மூணு நாள். ஜெயந்தினி மிஸ்ஸும் வாறாங்க."

"யாழ்ப்பாணம்னு சொல்லிட்டு எங்க போறது?"

ஷஸ்னா உம்மாவைப் பார்த்தாள். கமறியா கூரையைப் பார்த்தாள். கண்டியைத் தாண்டி ஒரு ஊரையும் காணாத பிள்ளை. ஒரு மாதமாக யாழ்ப்பாணத்து வரைபடத்தைக் கொப்பியில் கீறிக் கீறி, கோட்டை எங்கே, நூலகம் எங்கே என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"வாப்பா, முப்பது பேர் சேராட்டி பஸ் போகாது. நீங்க வைக்காட்டி மத்தவங்களும் வைக்க மாட்டாங்க. ஹுசைன் நானாவே மகளை அனுப்பல்ல, அப்ப என்னமோ இருக்குன்னு சொல்லுவாங்க. நாளன்னிக்கு, வியாழக்கிழமை கூட்டத்துல குடுக்கணும். அதுதான் கடைசி."

அது உண்மை. டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஹுசைன் தொட்டுப் பார்க்காத துணியை யாரும் வாங்கமாட்டார்கள். அவர் தலையசைத்தால் சரக்கு நல்லது. அசைக்காவிட்டால் கதை முடிந்தது.

"பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம். ஷஸ்னா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

புதன்கிழமை மாலை அவர் சுதாகரனைச் சோதித்தார். வேண்டிய சாமானின் விலையை நேரே கேட்பவன் ஏமாளி. பக்கத்துச் சாமானைக் கேட்டு அங்கிருந்து நகர வேண்டும். ஆகவே பிளேன்டீயை நீட்டிவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"நிலாவெளி எப்பிடி சேர்?"

"ஐயோ நானா, அதை வாயால சொல்ல முடியாது."

சரக்கை வாயால் சொல்ல முடியாதவன் சரக்கைக் கண்டதேயில்லை என்று ஹுசைன் மனசில் எழுதிக்கொண்டார்.

"அலையெல்லாம் பெரிசா?"

"இந்த மாசத்துல அங்க அலையே இல்ல நானா. குளம் மாதிரிக் கெடக்கு."

குளமென்று அவரே ஒத்துக்கொண்டார்!

"கருவாடு நல்ல ருசி. எந்தப் பக்கம் எடுத்தீங்க?"

சுதாகரன் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது. காது இரண்டும் சிவந்தன. "அங்க... கரையோரமா... ஒரு அம்மாகிட்ட."

"என்ன பேரு?"

"கருவாட்டுக்கா?"

"அம்மாவுக்கு."

"கருவாடு வாங்கறவன் பேரு கேப்பானா நானா? சரி, நாளைக்குக் கூட்டம், வேலை கெடக்கு." எழும்பிப் போய்விட்டார். கிளாஸில் பாதித் தேநீர் மிச்சம். இருபது வருஷத்தில் அந்தக் கடையில் சுதாகரன் மிச்சம் வைத்த முதல் தேநீர் அதுதான். ஹுசைன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழக்கதோஷம்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம். தகரக் கூரையில் மழை. பெரிய ஆட்கள் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பெண்கள் மத்தியானத் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேராக வந்தவர்கள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. பாடசாலை அதிபர் ஜெயந்தினி மிஸ் யாழ்ப்பாணப் பயணத்தை விளக்கினார். பக்கத்தில் சுதாகரன் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பத்தாம் வகுப்பு முழுவதும் குடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றது, அதில் ஷஸ்னாவும்.

"யாருக்காச்சும் கேள்வி இருக்கா?" என்றார் மிஸ்.

ஹுசைன் எழும்பினார். பெஞ்சும் கூடவே எழும்பியது. அதை உதறிவிட்டு நிமிர்ந்தார். "எனக்கொண்ணு இருக்கு மிஸ். சேர்மேல எனக்கு மரியாதை. இருபது வருஷத்துப் பழக்கம். ஆனா இது புள்ளைங்க விஷயம்." போனை உயர்த்திப் பிடித்தார். "இது நிலாவெளின்னு வந்த படம். இதுல அத்தனை புள்ளையும் ஸ்வெட்டர் போட்டிருக்கு. என் கடை ஸ்வெட்டர். கோடு கோணல், நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இது நல்லதண்ணிக் குளிருக்குன்னு நான் கொண்டாந்த சாமான். அந்த வெயில்ல, கடக்கரையில, சுயபுத்தியுள்ள யாராவது ஸ்வெட்டர் போடுவாங்களா? நான் கேக்குறது இதுதான் சேர். நீங்க புள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

சுதாகரன் அடுக்கிய கடதாசிகளைக் கலைத்து மறுபடி அடுக்கத் தொடங்கினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடதாசியை மெல்ல மடித்து இடுப்பில் செருகுவதை ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஷஸ்னா கண்டாள்.

பின்வரிசையிலிருந்து வீரம்மா எழும்பினாள். கொழுந்து பறிக்கிறவள், மகன் தனுஷன் ஒன்பதாம் வகுப்பு. "நானா, அந்தப் படத்துல இடது பக்கம் ரெண்டாவதா நிக்கிறது என் மகன்."

"சரி."

"அந்த ஸ்வெட்டரு ஒங்க கடையில வாங்கினதுதான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நான் ஸ்வெட்டரு வாங்க வரல்ல நானா. மகன் திருகோணமலை போறான், ரெண்டு பனியன் குடுங்கன்னு வந்தேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

வீரம்மா ஹுசைனைப் போலவே தாடியைத் தடவும் பாவனையில் முகவாயைத் தடவினாள். "பனியனா? தாயே, நீ கடலைப் பாத்திருக்கியா? மலைக் காத்து தோலோட நின்னுரும். கடக் காத்து அப்பிடியில்ல, உப்போட சேந்து எலும்புக்குள்ள போயிரும். புள்ளைக்கு நெஞ்சுச் சளி புடிச்சா சேரா வந்து பாப்பாரு? இந்தா, இது எக்ஸ்போர்ட் சாமான், வெள்ளைக்காரனே கடலுக்குப் போறப்ப இதைத்தான் போடுவான்!"

"எனக்கும் அதையேதான் சொன்னாரு!" என்றது முன்வரிசை.

"எனக்கும்!"

"எனக்குக் கம்பளிக் குல்லாவும் சேத்துக் கட்டினாரு" என்றார் மூலையிலிருந்த ஆண்டியப்பன். "உப்பு காதுக்குள்ள போகுமாம்."

சிரிப்பு முதலில் ஜன்னலுக்கு வெளியேதான் கிளம்பியது. பிறகு உள்ளே வந்தது. ஜெயந்தினி மிஸ் வருகைப் பதிவேட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

ஹுசைன் தாடியைத் தடவினார். அந்தச் சொற்களெல்லாம் அவருடையவைதான். எலும்பு, உப்பு, வெள்ளைக்காரன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்ததும் தன்பாட்டில் வருகிற பேச்சு. மூட்டை போனதும் பேச்சும் போய்விடும். ஆனாலும் வியாபாரி ஒரு பேரத்தில் தோற்ற உடனே கடையைப் பூட்டிவிடமாட்டான்.

"சரி, வாங்கினீங்க. வெயில் சுட்டா புள்ளைங்க கழட்டலாம்தானே? ஏன் கழட்டல்ல?"

"எப்பிடிக் கழட்டும்?" என்றாள் வீரம்மா. "புதுச் சாமான், கழட்டினா தொலையும், தொலைச்சிட்டு வந்தா முதுகுத் தோலு இருக்காதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன்."

சுதாகரன் கடதாசிகளைக் கீழே வைத்தார். "நான் கெஞ்சிப் பாத்தேன் நானா. ஒரு புள்ளையும் கழட்ட மாட்டேன்னுட்டுது. ரெண்டு பேருக்கு மயக்கம் வந்து இளநி வாங்கிக் குடுத்துத் தெளிய வச்சேன். அந்தப் படத்துல நான் சிரிக்கல்ல, நல்லாப் பாருங்க."

ஹுசைன் நல்லாப் பார்த்தார். சேர் சிரிக்கவில்லைதான். முன்வரிசைப் பிள்ளைகளின் நெற்றியில் மினுங்குவதைப் பனி என்று நினைத்திருந்தார். அது வேர்வை.

"அப்ப கருவாடு?" என்றார் கடைசியாக.

சுதாகரனின் காதுகள் மறுபடி சிவந்தன. அன்றைக்குக் கடையில் சிவந்ததைவிட இரண்டு மடங்கு. "கருவாடு விஷயத்துல நான் பொய்தான் சொன்னேன். திருகோணமலையில வாங்கினேன், சத்தியமா வாங்கினேன். நம்ம புள்ளைங்களுக்கு வளைவு நெளிவா எத்தனை மைல் போனாலும் ஒண்ணும் செய்யாது. திரும்பி வாறப்ப ஹபரணை வரைக்கும் ரோடு நேரா கெடந்திச்சு. நேர் ரோட்டைக் கண்டதும் ஒவ்வொண்ணா வாந்தி எடுக்க ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு மேல கருவாட்டு வாசம். ட்ரைவர் பஸ்ஸை நிப்பாட்டி, கருவாடு எறங்குதா நான் எறங்கவான்னு கேட்டாரு. எறக்கி வச்சேன். அங்க நின்ன நாய்ங்க பாடு கொண்டாட்டம். ஒங்களுக்கு வெறுங்கையோட வர மனசில்ல. அதான் ரிஃகான்கிட்ட..." மேசையைப் பார்த்தார். "ரிஃகான்கிட்ட யாருக்கும் சொல்லாதன்னு சொன்னேனே."

ஹுசைன் சிநேகிதரின் காதுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளெல்லாம் பொய்யை எடைபோட்டவர் அவர். கொழும்புப் பொய், கண்டிப் பொய், தன் சொந்தப் பொய் எல்லாம் தெரியும். ஒரு பொதிக் கருவாட்டுக்கு இந்தப் பாடுபடுகிற மனிதரால் ஒரு கடலையே பொய்யாகக் காட்ட முடியுமா? அதற்கு வேறு தரத்து ஆள் வேண்டும். இந்தச் சரக்கில் அந்த நூல் இல்லை.

"பேனை இருக்கா சேர்?" என்றார்.

கையெழுத்து வைத்தார். இடுப்பில் செருகிய கடதாசிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜன்னலுக்கு வெளியே குடைகள் குதித்தன. அன்று மாலை சுதாகரன் கடைக்கு வந்து தேநீரை அடிவரை குடித்தார். கிளாஸை ஹுசைன் கண்ணெதிரே கவிழ்த்தும் காட்டினார்.

அடுத்த வாரம் அழகம்மா கடைக்கு வந்தாள். அவளுடைய மகளும் யாழ்ப்பாணம் போகிறாள்.

"நானா, ஸ்வெட்டரு ஒண்ணு காட்டுங்க. ஒம்பதாம் வகுப்புப் புள்ளைங்க போட்டாங்க, என் மகளுக்கும் வேணுமாம்."

ஹுசைனின் நாக்கில் உப்பும் எலும்பும் ஏறி வந்தன. விழுங்கிக்கொண்டார். "வேணாம்மா. யாழ்ப்பாணத்துல நெருப்பு வெயில். பருத்திச் சட்டை ரெண்டு போதும்."

அழகம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அலுமாரியைப் பார்த்தாள். "ஸ்டொக் இல்லையா?"

"இருக்கு. புது மூட்டை."

"இருந்துமா வேணாங்கிறீங்க?"

"ஆமா."

"நீங்களா?"

"நான்தான்."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "அப்ப அந்த ஸ்வெட்டர்ல என்னமோ இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே இறங்கி, எதிர்க்கடைக்குள் நுழைந்தாள். அந்த வாரம் ஹுசைன் பதினொரு தாய்மாரிடம் உண்மை பேசினார். பதினொரு பேரும் எதிர்க்கடையில் சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றத் தாய்மாரும் வாங்கினார்கள்.

ஜூலையில் படம் வந்தது. பின்னால் கோட்டைச் சுவர், மேலே வெள்ளை வெயில், "யாழ் கோட்டையின் நிழலில் எமது நாளைய தலைமுறை" என்று கீழே சேரின் மொழி. நிழல் எங்கேயும் இல்லை. சிவப்பு ஸ்வெட்டர்களுக்கு நடுவே பருத்திச் சட்டையும் வெள்ளை முக்காடுமாக ஒரே ஒரு பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தது.

ஹுசைன் பெரிதாக்கினார்.

"இப்பவாச்சும் நம்புறீங்களா?" என்றாள் கமறியா, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"கோட்டையை நம்புறேன். மகள் நிக்கிறா. ஆனா அந்தச் சிவப்பைப் பாரு. ஒரு வேர்வைக்குத் தாங்காது. சாயம் எறங்கும்."

மாலையில் ஷஸ்னாவிடமிருந்து இன்னொரு படம். ஸ்வெட்டர் போட்டிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம். "வாப்பா, ஜெயந்தினி மிஸ் எல்லாருக்கும் அம்மைன்னு நெனச்சுப் பயந்துட்டாங்க."

ஹுசைன் அதை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சுதாகரனின் குழுவைத் திறந்து, கோட்டைப் படத்துக்குக் கீழே, குழுவில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு நிமிஷம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து சேரின் கேள்வி வந்தது: "இது யாரு? ஹுசைன் நானாட போனை யாரு எடுத்தது?"